தங்கவயலின் திகில் கதையில் பெண்கள் எங்கே?

கோலார் தங்கவயலின் பெயர் இன்று இந்தியா முழுவதும் தெரியும். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை அள்ளிக் கொடுத்த ஊர் என்பதற்காக அல்ல. ஒரு சினிமாவுக்காக!

2018 டிசம்பரில் வெளிவந்த "கே.ஜி.எப்." முதல் பாகமும், 2022 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகமும் மொழி எல்லைகளைத் தாண்டி ஓடின. வெளியூரில் ஒருவரிடம் "எனக்குச் சொந்த ஊர் தங்கவயல்" என்று சொன்னால், "அந்தப் படத்தில் வரும் ஊரா?" என்று கண்களை அகல விரித்துக் கேட்கிறார்கள். ஊருக்கு விளம்பரம் கிடைத்தது என்று சிலர் மகிழ்கிறார்கள். மகிழட்டும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ராபர்ட்சன்பேட்டையிலும், ஆண்டர்சன்பேட்டையிலும், சாம்பியன் ரீப் லைன்களிலும் வாழும் நம் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அவர்கள் கண்ட தங்கவயல் அந்தத் திரையில் ஒரு நிமிடமாவது வந்ததா?

வரவில்லை என்பதே நமது கருத்து. இது வெறும் சினிமா விமர்சனம் அல்ல. ஒரு ஊரின் கதையிலிருந்து யாரை விட்டுவிடுகிறோமோ, அந்த ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்போதும் அவர்களை விட்டுவிடுகிறோம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கதாநாயகன் மட்டும் போதுமா?

"கே.ஜி.எப்." கற்பனைக் கதை. அதில் தங்கம் 1951-இல் கண்டுபிடிக்கப்படுகிறது. உண்மையிலோ 1880-ஆம் ஆண்டிலேயே ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்துவிட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர் நகரத்துக்கே அப்போது மின்விளக்கு கிடையாது! கற்பனைக் கதையில் வருஷக் கணக்குப் பார்ப்பது நியாயம் அல்ல. ஆகவே அதை விட்டுவிடுவோம்.

அந்தப் படத்தில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கதாநாயகனின் தாய் வறுமையில் இறந்துபோகிறாள். அவளுக்குக் கொடுத்த வாக்கு மகனை விரட்டுகிறது. கதாநாயகி பெரிய இடத்துப் பெண். சுரங்கத்தில் அடிமைப்பட்டுக் கிடக்கும் பெண்களோ கூட்டத்தில் ஒருவராக நின்று, யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். ஆபத்தை எதிர்த்து நிற்கும் வேலை முழுவதும் ஒரே ஒரு ஆணின் தோளில்!

2024 ஆகஸ்டில் பா.ரஞ்சித் இயக்கத்தில் வந்த "தங்கலான்" இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிப் புறப்பட்ட ஏழை ஜனங்களின் கதையில், பார்வதி நடித்த கங்கம்மாள் வெறும் துணைவியாக நிற்கவில்லை; கேள்வி கேட்கிறாள், கோபப்படுகிறாள், நடக்கிறாள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அது வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பெரிய சுரங்கங்கள் தோன்றுவதற்கு முந்தைய காலத்துக் கதை. அதன்பிறகு நான்கைந்து தலைமுறைப் பெண்கள் லைன் வீடுகளில் நடத்திய வாழ்க்கை இன்னும் திரைக்கு வராமலே இருக்கிறது.

உண்மையில் தங்கவயலின் முதல் கதையிலேயே பெண் இருக்கிறாள். 1802-இல் ஜான் வாரன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் வந்து விசாரித்தபோது, மாரிக்குப்பத்தில் ஆண்கள் குழியில் இறங்கிக் கற்களைப் பெயர்த்துத் தர, பெண்கள் அவற்றை இடித்துத் தூளாக்கியதைக் கண்டிருக்கிறார். பிற்காலத்தில் இயந்திரம் வந்தது. அந்த உலக்கைச் சத்தம் ஓய்ந்தது. பெண்ணும் கதையிலிருந்து மறைந்துவிட்டாள்.

குழி வீட்டுக்குள் வந்தது

சுரங்கத்தின் அடியில் பெண்கள் இறங்கி வேலை செய்ய 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2019-இல்தான் சில வகை வேலைகளுக்கு, பகல் நேரத்தில் மட்டும், அந்தத் தடை தளர்ந்தது. அதற்குள் தங்கவயல் சுரங்கம் மூடி 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே தங்கவயல் பெண் பாதாளத்துக்குப் போனதில்லை. ஆனால் பாதாளத்தின் ஆபத்து தினமும் அவளைத் தேடி வீட்டுக்கு வந்தது.

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலே இருக்கும் மலை போன்ற பாரம் அழுத்த, கீழே குடைந்த இடத்தில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். பொறியியல்காரர்கள் அதைப் பாறை வெடிப்பு என்பார்கள். தங்கவயலில் பழைய பெயர் "ஏர் பிளாஸ்ட்". தங்கவயலில் இது அடிக்கடி நேர்ந்ததால், பாறையின் போக்கை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1988-இல் இங்கே அமைக்கப்பட்டது.

பெரிய வெடிப்பு என்றால் மேலே பூமி அதிரும். லைன் வீட்டில் அலமாரியில் அடுக்கிய பாத்திரங்கள் கலகலக்கும். அந்தச் சத்தம் கேட்டவுடன் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவாள். இப்போது எந்த ஷிப்ட்? என் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டாரா? அண்ணன் எந்தச் சுரங்கத்தில்? மகன் இன்று வேலைக்குப் போனானா?

விடை உடனே கிடைக்காது. அடுப்பில் உலை கொதிக்கிறது. குழந்தை அழுகிறது. பக்கத்து வீட்டுக்காரியும் வாசலில் நிற்கிறாள்; இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். செய்தி யாருடைய வீட்டுக்கு வரும்? அவள் வீட்டுக்கு வரக்கூடாது. என் வீட்டுக்கும் வரக்கூடாது. இதைவிட நெஞ்சைப் பிடித்து உலுக்கும் காட்சியை எந்தத் துப்பாக்கிச் சண்டையில் காட்ட முடியும்?

பாறைக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை உலகம் மிகுந்த ஆர்வத்தோடு கவனித்தது உண்டு. 1965-இல் இதே தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை வைத்து, கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோ என்னும் துகளின் தடயத்தை விஞ்ஞானிகள் பிடித்தார்கள். இந்திய விஞ்ஞானத்துக்குப் பெருமை சேர்த்த சாதனை அது. எந்தக் கருவியும் வேண்டாமல், வாசலில் நின்றாலே கண்ணுக்குத் தெரிந்த பெண்களைப் பற்றி எழுதி வைக்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று!

இருமலின் ரகசியம்

ஏர் பிளாஸ்ட் ஒரு நொடியில் கொல்லும். இன்னொரு எதிரி பத்து வருஷம், இருபது வருஷம் பொறுத்துக் கொல்லும். பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயைத்தான் சொல்கிறோம். துளைபோடும்போது பறக்கும் நுண்ணிய தூள் நுரையீரலில் படிந்து, அதைக் கல்லாக இறுக்கிவிடும். போன மூச்சு திரும்ப வருவதே பெரும்பாடு. இதைக் குணப்படுத்த மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்கு இந்த நோய் இருந்தது. அதாவது நூற்றுக்கு 43 பேருக்கு மேல்! இந்தியாவில் இந்த நோயைப் பற்றிப் பேசும் மருத்துவ நூல்கள் இன்றும் இந்தக் கணக்கை மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் 3,402 நோயாளிகள் என்றால் 3,402 வீடுகள் என்று யாரும் கணக்கிட்டது கிடையாது. அந்த வீடுகளில் இரவெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தவள் யார்? தலையணை மேல் தலையணை வைத்து உட்கார வைத்தே தூங்கச் செய்தவள் யார்? மருந்துக்கும் பாலுக்கும் காசு புரட்டியவள் யார்?

இந்த நோய்க்கு நஷ்டஈடு உண்டு என்று சட்டம் சொன்னது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நோய் உறுதியானால் அடிச் சுரங்க வேலை போகும்; அந்த வேலைக்குரிய கூலியும் போகும். லைன் வீடோ கம்பெனி வீடு. வேலை இருக்கும்வரைதான் கூரை. இந்த நிலையில் ஒரு பெண் என்ன செய்வாள்? "டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்" என்று புருஷனை அனுப்புவாளா? "இன்னும் இரண்டு வருஷம் தள்ளுங்கள், பெண்ணின் கல்யாணம் முடியட்டும்" என்று கண்ணீரை அடக்கிக்கொண்டு சொல்வாளா? முதல் வழியில் அடுப்பு அணைந்துவிடும். இரண்டாவது வழியில் புருஷன் உயிர் குறையும்.

இதுதான் உண்மையான திகில் கதை. இங்கே முகமூடிக்காரன் இல்லை, கத்தி இல்லை. வீட்டுக்குள் எல்லாருக்கும் ஆபத்து தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எந்த நேரத்தில் யார் சொல்லப் போகிறார்கள் என்பதுதான் கதை. அதை முடிவு செய்வது அந்தப் பெண்ணின் குணம். அவள் துணிந்தவளா, தயங்குபவளா, கணக்குப் பார்ப்பவளா, தெய்வத்தின் மேல் பாரத்தைப் போடுபவளா என்பதைப் பொறுத்துக் கதை திரும்பும்.

இன்னொரு பயமும் இருந்தது. தங்கம் எடுக்கும் ஊரில் தங்கத்தை வைத்திருப்பதே குற்றமாகிவிடும். திருட்டுத் தங்கத்தைப் பிடிக்க சமஸ்தான காலத்திலிருந்தே தனிச் சட்டமும் காவலும் உண்டு. தொழிலாளியின் உடம்பைச் சோதிப்பார்கள். சந்தேகம் வந்தால் வீட்டுக்கும் வருவார்கள். ஆண்பிள்ளை ஷிப்டில் இருக்க, வாசலில் வந்து நிற்கும் காவலர்களுக்குக் கதவு திறந்தவள் யார்? அவள் காதில் கிடக்கும் குண்டுமணித் தோட்டுக்குக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். உலகத்துக்குத் தங்கம் கொடுத்த ஊரில், ஏழைப் பெண்ணுக்குத் தங்கம் பயம் தரும் பொருளாக இருந்தது என்பது எத்தகைய விசித்திரம்!

சங்கு ஓய்ந்த பிறகு

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. பின்னர் மத்திய அரசு ஏற்றது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எல்லாம் முடிந்தது. ஆலைச் சங்கு ஓய்ந்தது. மிஞ்சியிருந்த சில ஆயிரம் தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

அதோடு ஆபத்தும் முடிந்ததா? இல்லை. அது உருமாறியது.

வேலை இழந்த ஆண்களில் பலர் செய்வதறியாது திகைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அது மண்ணுக்கு அடியில் இருந்தது. பாறையைத் துளைத்த கை மேலே வந்து எதைத் துளைக்கும்? சிலர் குடித்தார்கள். சிலர் சுருண்டு படுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் மறுநாள் காலை எழுந்து புறப்பட்டவர்களில் பெண்களும், படித்து முடிக்காத பிள்ளைகளும் ஏராளம்.

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் சுமார் 100 கிலோ மீட்டர். ரயிலில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அப்படியே. இருட்டோடு எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, நிற்க இடமில்லாத பெட்டியில் ஏறி, ஆயத்த ஆடை ஆலையிலோ, கடையிலோ, அலுவலகத்திலோ எட்டு மணி நேரம் உழைத்து, மீண்டும் இருட்டில் வீடு திரும்புகிறார்கள். அந்தக் காலத்தில் தாய் ஷிப்டுக்குப் போன அப்பாவுக்காகக் காத்திருந்தாள். இப்போது ரயிலில் வரும் மகளுக்காகக் காத்திருக்கிறாள். ரயில் தாமதம் என்றால் அதே மாதிரி வாசலுக்கு வந்து நிற்கிறாள். ஒரே வாசல், ஒரே கவலை!

இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கழிப்பறை இருந்ததில்லை. லைனுக்கு வெளியே இருட்டில் போய்வர வேண்டிய நிலைமை பெண்களுக்கு எத்தகைய ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை. கைவிடப்பட்ட குழிகளும் புதர்களும் நிறைந்த ஊரில் இது இன்னும் மோசம்.

இத்தனைக்கும் இந்த ஊர்ப் பெண்கள் பொதுவாழ்வுக்குத் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தங்கவயல் தொகுதி 2013-இல் ராமக்காவையும், 2018-லும் 2023-லும் ரூபகலாவையும் சட்டசபைக்கு அனுப்பியது. மூன்று தேர்தல்களில் தொடர்ந்து பெண்களைத் தேர்ந்தெடுத்த தொகுதி இது. கட்சி எதுவாக இருந்தாலும் இது கவனிக்கத்தக்க செய்தி. ஆனால் தங்கவயலின் கதை என்றால் மட்டும் மீசை முறுக்கிய ஆண்தான் நினைவுக்கு வருகிறான்!

"அழுகைப் படம்" ஆகிவிடாதா?

சினிமாக்காரர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். "நீங்கள் சொல்வது எல்லாம் உண்மைதான் ஐயா. ஆனால் காத்திருக்கும் பெண், இருமும் புருஷன், ரயிலில் போகும் மகள் என்று எடுத்தால் அது அழுகைப் படம். ஜனங்கள் பரபரப்பு கேட்கிறார்கள்" என்பார்கள்.

இந்த வாதத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. படம் ஓட வேண்டும். போட்ட பணம் திரும்ப வேண்டும். ஆனால் பரபரப்பு என்பது என்ன? திகில் படங்களின் மன்னன் என்று பெயர் பெற்ற ஹிட்ச்காக் இதற்கு ஒரு எளிய விளக்கம் தந்திருக்கிறார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் ஒரு நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவர்களுக்கு முன்பே தெரிந்தால், வெடிக்கும்வரை ஒவ்வொரு நொடியும் பரபரப்பு. தங்கவயல் வீட்டில் குண்டு எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். புருஷனின் நெஞ்சுக்குள் இருக்கிறது. காலுக்கு 3 கிலோ மீட்டர் கீழே இருக்கிறது.

குடும்பப் பெண்கள் ஆபத்தில் மாட்டிக்கொண்டு தப்பிக்கும் கதை தமிழில் ஓடாது என்பதும் பொய். "கே.ஜி.எப்." முதல் பாகம் வந்த அதே 2018-இல், சில மாதங்களுக்கு முன்பு, "கோலமாவு கோகிலா" வெளிவந்தது. தாயின் நோய்க்குப் பணம் இல்லாமல் போதைப்பொருள் கும்பலிடம் சிக்கும் பெண்ணாக நயன்தாரா நடித்தார். சாதாரண வீட்டுப் பெண்களின் பயமும் சாமர்த்தியமும்தான் கதை. ஜனங்கள் பார்த்து ரசிக்கத்தானே செய்தார்கள்?

சுரங்கத்துப் பெண்களை வைத்தே படம் எடுத்த முன்மாதிரியும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 1950 முதல் 1952 வரை துத்தநாகச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மறியல் செய்யக் கூடாது என்று தொழிலாளர்களுக்குக் கோர்ட்டுத் தடை விதித்தது. உடனே அவர்களுடைய மனைவிமார் மறியலில் இறங்கினார்கள். குழந்தைகளோடு சிறைக்கும் போனார்கள். ஆண்கள் வீட்டில் துணி துவைக்க வேண்டி வந்தது. குழாயில் வெந்நீர் வேண்டும் என்று பெண்கள் ஏன் இத்தனை நாள் கேட்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது! இந்தச் சம்பவத்தை 1954-இல் "பூமியின் உப்பு" என்று பொருள்படும் பெயரில் படமாக்கினார்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தாருமே அதில் நடித்தார்கள். அன்று அந்தப் படத்தைத் திரையிட விடாமல் தடுக்கப் பெருமுயற்சி நடந்தது. ஆனால் இன்றும் அது மதிப்போடு பார்க்கப்படுகிறது. அதில் ஆபத்து உண்டு, பரபரப்பு உண்டு, சிரிப்பும் உண்டு. அழுகை மட்டும் இல்லை.

நம் ஊரில் எடுத்தால் கதை எப்படி இருக்கலாம்? சாம்பியன் ரீப் லைனில் ஒரு வீடு. வருஷம் 2000. ஒரு ஆயா, சுரங்கத்தில் புருஷனை இழந்தவள், எதையும் நம்பாதவள். அவள் மருமகள், வீட்டுக்காரரின் இருமலை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வருபவள். ஒரு பேத்தி, நர்சுப் படிப்பு படிப்பவள், அப்பாவின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டாள். சுரங்கம் மூடப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. பரிசோதனைக்குப் போனால் ஒரு விளைவு. போகாவிட்டால் ஒரு விளைவு. மூன்று பெண்களும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்கிறார்கள். அந்தப் பொய்கள் எந்த இரவில் உடையும்? நல்ல டைரக்டர் கையில் கிடைத்தால் இருக்கையின் நுனியில் உட்கார வைத்துவிட மாட்டாரா?

மேட்டைத் தோண்டும் முன்

சினிமா எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டோம். அவசரம் ஒன்று இருக்கிறது.

தங்கவயலுக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது சயனைடு மேடுகள். தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண், மலைபோல் குவிந்து கிடக்கிறது. சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்பது மதிப்பீடு. "கே.ஜி.எப்." படத்தின் சுரங்கக் காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள். கோடையில் காற்றடித்தால் அந்தத் தூள் பறந்து லைன் வீடுகளில் இறங்கும். சோற்றுப் பானையில், தொட்டிலில், காயப்போட்ட துணியில் எல்லாம் படியும். ஆண்களின் நுரையீரலைச் சுரங்கத்துக்குள் அரித்த அதே வகைப் பாறையின் தூள், இப்போது மேலே வீட்டில் இருக்கும் பெண்களையும் குழந்தைகளையும் தேடி வருகிறது.

இந்த மேடுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நவீன முறையில் பிரித்தெடுக்க 13 மேடுகள் அடங்கிய சுமார் 1,003 ஏக்கரில் வேலை தொடங்கும் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. வேலைவாய்ப்பு கிடைக்கும் என்றால் நாம் வரவேற்கிறோம். சும்மா கிடந்து தூசி கிளப்பும் மேடு முறையாக அகற்றப்பட்டால் நல்லதுதான். ஆனால் 3 கோடி டன் மண்ணைக் கிளறும்போது எழும் தூசி எங்கே போகும்? தண்ணீர் தெளிப்பார்களா? பக்கத்து லைன்களில் இருப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டா? தோண்டிய பிறகு மிஞ்சும் மண்ணை எங்கே கொட்டுவார்கள்? வேலையில் பெண்களுக்குப் பங்கு உண்டா?

இந்தக் கேள்விகளைக் கேட்கத் தகுதி உடையவர்கள் யார்? தூசியைத் தினமும் துடைத்தவர்கள். இருமலின் அர்த்தம் தெரிந்தவர்கள். தங்கவயல் என்றால் புதையல் என்றும், துப்பாக்கி என்றும், ஒரு வீரன் என்றும் நம்புகிற ஒரு நாடு, "மேட்டில் எவ்வளவு தங்கம்?" என்றுதான் கேட்கும். லைன் வீட்டுப் பெண்ணின் கதையை அறிந்த நாடுதான் "யார் வீட்டில் தூசி?" என்று கேட்கும். ஒரு கதையைச் சொல்வதால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, அதிகாரிகளுக்கு. மேடுகளைப் பற்றிய எந்த விசாரணைக் கூட்டமும் லைன் பகுதியிலேயே, ரயிலில் போய்வரும் பெண்களும் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் நடக்க வேண்டும். முன்வரிசை நாற்காலிகளில் பெண்கள் உட்கார வேண்டும்.

இரண்டாவது, பெங்களூரிலும் தங்கவயலிலும் உள்ள தமிழ் அமைப்புகளுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும்; வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, இல்லை, இப்போது எல்லார் கையிலும் இருக்கும் செல்போனையே எடுத்துக்கொண்டு, லைன் லைனாகப் போய் வயதான தாய்மார்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். ஏர் பிளாஸ்ட் இரவுகளைப் பற்றிக் கேளுங்கள். சம்பள நாளைப் பற்றிக் கேளுங்கள். சுரங்கம் மூடிய மறுநாள் அடுப்பில் என்ன வைத்தார்கள் என்று கேளுங்கள். சரித்திரப் புத்தகத்தில் ஜான் டெய்லர் பெயர் இருக்கிறது. இவர்கள் சொன்னதும் ஒரு பக்கமாவது இருக்கட்டும்.

மூன்றாவது, கதாசிரியர்களுக்கும் டைரக்டர்களுக்கும். தங்கவயலுக்கு வாருங்கள். கேமராவை மேட்டின் உச்சியில் மட்டும் வைக்காதீர்கள். கீழே இறக்கி, தகரக் கூரை போட்ட ஒரு வீட்டின் வாசலில் வையுங்கள். உள்ளே இருக்கும் பெண்களைத் தியாகத் திருவுருவமாகவும் காட்ட வேண்டாம், பரிதாபப் பொருளாகவும் காட்ட வேண்டாம். அவர்களில் கஞ்சத்தனம் உள்ளவர் உண்டு, வாய்த்துடுக்கு உள்ளவர் உண்டு, பக்கத்து வீட்டோடு பத்து வருஷம் பேசாதவர் உண்டு. ஏர் பிளாஸ்ட் சத்தம் கேட்டவுடன் அதே பக்கத்து வீட்டுக்கு முதலில் ஓடியவரும் அவர்தான்.

சுரங்கத்தில் புருஷனை இழந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். அவர்களிடம் போய்க் கேட்பதற்கு நமக்கு இருக்கும் காலம் குறைவு. பெங்களூரிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏறலாம்.